தனபால் அண்ணனின் தூண்டிலை நான் இறுக்கிக் கொடுத்த கதை

"உங்க கை பட்டதும் என் தூண்டில் செத்துப்போச்சும்மா!"

ஃபேரர் பார்க்கில் என் கடை வாசலில் நின்று தனபால் அண்ணன் இப்படிக் கத்தியபோது உள்ளே வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதில் ஒருவர், "அப்புறம் வர்றேன் அக்கா" என்று தன் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு நழுவினார்.

தனபால் அண்ணன் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கடலுக்குள் நீளும் பொங்கோல் ஜெட்டியில் தூண்டில் போடுகிற கூட்டத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் என் கடை ஓடுகிறது. தையல் மெஷினுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, தூண்டில் கம்பு ரிப்பேருக்கு வந்தவள் நான். இங்கே பேர் கெட்டால் மறுபடியும் பிளவுஸ் தைக்க உட்கார வேண்டும். நினைத்தாலே தலை வலித்தது.

அவர் ரிப்பேருக்குக் கொடுத்தது அரதப்பழசான கம்பு. உப்புக்காற்றில், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களான கைடுகள் துருப்பிடித்து, அவற்றைக் கட்டியிருந்த நூலும் பிரிந்து கிடந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புது கைடு வைத்து, நீல நூல் சுற்றி, எபோக்ஸிப் பசை பூசி, மெதுவாகச் சுற்றும் மோட்டாரில் மாட்டிக் காயவைத்தேன். மாப்பிள்ளை மாதிரி மின்னியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பிடித்துக்கொள்ளும் ரீல் சீட் லொடலொடவென்று ஆடியது. அவர் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நானாகத்தான் அதையும் எபோக்ஸி வைத்து இறுக்கிக் கொடுத்தேன்.

"அன்னையிலேருந்து ஒரு மீன் கிடையாது. ராசியைச் சுரண்டி எடுத்துட்டீங்க. ஜெட்டியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார்.

"ராசியைச் சுரண்டுற உப்புத்தாள் எங்கிட்ட இல்ல அண்ணே. சனிக்கிழமை நானும் வர்றேன். மீன் ஏன் வரலைன்னு பார்த்துடுவோம்."

"வந்து பாருங்கலா!"

போனேன். இறால் குத்தித் தூண்டிலை வீசினார், கம்பைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்தார், கடலுக்கு முதுகைக் காட்டிக் கதை பேச ஆரம்பித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி வெடுக்கென்று வளைந்தது.

"அண்ணே, இழுக்குது!"

அவர் எழுவதற்குள் மீன் இறாலைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

"கம்பைத் திரும்பியே பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? மீன் கடிச்சா கம்பே டக்கு டக்குன்னு கூப்பிடும்ல..." பாதியில் நிறுத்தினார். "ஆமா, இப்ப ஏன் கூப்பிடல?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரீல் சீட் ஆடிப் போட்ட அந்த டக்கு டக்கைத்தான் அண்ணே நான் ஒட்டிட்டேன். உங்க ராசி பத்திரமா இருக்கு."

மறுபடி ஆடவிடச் சொன்னார். ஆடினால் ஒரு நாள் ரீல் கழன்று கடலில் விழும் என்றேன். எல்லோரையும் போல மணி மாட்டச் சொன்னேன்.

"ஒரு மணி அடிச்சா இங்க அத்தனை பேரும் எந்திரிப்பாங்க. எனக்கு என் சத்தம் வேணும்மா."

நியாயம்தான். மறுநாள் லிட்டில் இந்தியாவில் நாட்டியச் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒரு சலங்கை கேட்டேன்.

"யாரு ஆன்ட்டி ஆடப்போறா?" என்றாள் கடைப்பெண்.

"கொடுவா மீனு" என்றேன்.

சலங்கையிலிருந்து ஒரு பெரிய மணியைக் கழற்றி, காற்றுக்கெல்லாம் சிணுங்காதபடி கம்பின் நுனிக்குக் கீழே கட்டிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அண்ணன் கதையின் நடுவில் இருக்கும்போது 'ஜல் ஜல்' என்றது. அவர் ஒருவர்தான் எழுந்தார். கை நீளக் கொடுவாயைத் தூக்கிப் பிடித்து, "அரங்கேற்றம் முடிஞ்சுது!" என்று கத்தினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "அந்தம்மா கை ராசியான கைலா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு சந்தோஷம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதைப் பார்த்தாலும் சரிசெய்யக் கை பரபரக்கும். கேட்காமல் தொடாதீர்கள். போன வாரம் ஒருவர் கொண்டுவந்த கம்பில், கைப்பிடிக்கு மேலே ஒரு கம்பி கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தவா என்று கேட்டேன்.

"ஐயோ வேணாம்லா! அதுலதான் நான் கடையில கட்டி வாங்குற கோப்பிப் பையைத் தொங்கவிடுறேன்."