ஒரு வடத்தின் இரண்டு முனைகள்

எங்கள் குடும்பம் கூரையேறும் குடும்பம். அப்பா ஓடு மேய்பவர். அம்மாவின் அண்ணனான மாமாவும் அதே தொழில். எனக்கோ சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஸ்டூலில் ஏறினாலே கால் நடுங்கும். உயரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் வாத்தியார் வேலையில் சேர்ந்தபோது அப்பா தடுக்கவில்லை. அங்கே விழுந்தாலும் பெரிதாக அடிபடாது என்று நினைத்திருப்பார்.

உயரமான கூரை என்றால் அப்பாவும் மாமாவும் ஒரே வடத்தில்தான் ஏறுவார்கள். வடத்தின் ஒரு முனை அப்பாவின் இடுப்பில், மறுமுனை மாமாவின் இடுப்பில், நடுப்பகுதி முகட்டின் மேல். இந்தச் சரிவில் ஒருவர், அந்தச் சரிவில் ஒருவர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, ஆனால் ஒருவர் விழாமலிருப்பதற்கு மற்றவருடைய எடைதான் காரணம். ஒருவர் மேலேறினால் மற்றவருக்கு வடம் தளரும். கீழிறங்கினால் மற்றவரை இழுக்கும். ஆகையால் காலை எடுப்பதற்கு முன் “விடட்டா?” என்று கேட்க வேண்டும். “விடும்” என்று பதில் வந்த பிறகுதான் அசைய வேண்டும். இளவட்டங்களாக இருந்த நாளிலிருந்து அந்த இரண்டு சொற்களின் மேல்தான் அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. பாறசாலைப் பக்கத்து ஊர்களெல்லாம் தமிழோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், இருக்கும் மலையாளப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். அப்பா முதல் கூட்டம், மாமா இரண்டாவது. வீட்டில் இருவருமே காலையில் தமிழும் மாலையில் மலையாளமும் பேசுகிறவர்கள். கோபம் வந்தால் இரண்டும்.

ஒரு நாள் உதியன்குளங்கரைச் சந்திப்பில் சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

“ஆப்பீசுல போனா எனக்கு மனசிலாவுத கடலாசு வேணும் ஓய். எனக்க பாஷையில வேணும்.”

“நம்ம ரெண்டு பேருக்கும் கையெழுத்தே தெரியாது,” என்றார் எதிர் பெஞ்சிலிருந்த மாமா. “நீரு பெருவிரல எந்த பாஷையில வைப்பீரு?”

கடை முழுக்கச் சிரித்தது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரித்த ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றோடு பேச்சு நின்றது. வழியில் எதிர்ப்பட்டால் ஒருவர் மரச்சீனித் தோட்டத்தை ஆராய்வார், மற்றவர் ஆகாயத்தை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. இருவரும் தாழ்ந்த வீடுகளாகப் பார்த்துத் தனித்தனியே வேலை செய்தார்கள்.

மேடமாதக் கோடையில் மிஷன் ஆலயத்தின் கூரை பிரச்சினையானது. பலிபீடத்துக்கு நேர் மேலே ஒழுக்கு. இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். அந்தக் கூரையை முதலில் மேய்ந்தவர்கள் அவர்கள் இருவரும். சபைக் கமிட்டி கேட்டபோது இருவரும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: நான் ஏறுவேன், அவன் வந்தால் வரட்டும்.

அம்மாவுக்கு ஒருவர் புருஷன், ஒருவர் அண்ணன். இருவருக்கும் அறுபது கடந்திருந்தது.

“பல்லு போச்சு, முட்டு போச்சு, வாசியும் வீம்பும் மட்டும் போவல்ல,” என்றாள். “மூங்கில் சாரம் கெட்டி சின்னப் பயலுவ ஏறட்டும்.”

“சாரம் கெட்டினா நாங்க கிழவன்மாருன்னு ஊரு சொல்லும்.”

“இப்ப மட்டும் என்ன சொல்லுதாம்?”

அப்பா வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மா என்னைப் பிடித்தாள். “நீயும் போ மக்கா. அவிய ரெண்டு பேரும் பேசமாட்டாவ, மிண்டமாட்டாவ. மிண்டாம ஏறினா செத்துப்போவாவ. நீ கீழ நின்னு சொல்லிக் குடு.”

இப்படியாக, உயரத்துக்குப் பயந்து படித்தவன் இரண்டு சரிவுகளுக்கும் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஆலயத்தின் முன்சுவருக்கு எதிரே அயனிமரத்தடியில் நின்றால் இரண்டு பேரும் தெரிவார்கள்.

“மாமா, விடட்டான்னு அப்பா கேக்காரு.”

“விடச் சொல்லு உனக்க அப்பாவ.”

“அப்பா, விடச் சொல்லுதாரு.”

“எனக்குக் கேட்டுது. எனக்குச் செவியில குறையில்ல.”

வேலை பாதி நடந்தபோது சாலையில் ஊர்வலம் வந்தது. எந்தக் கூட்டத்தாருடையது என்று சொல்லப்போவதில்லை. இரண்டுக்கும் தொண்டை ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து மாமா மேலே ஏற வேண்டும் என்று எனக்குக் கை காட்டினார். நான் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். கோஷத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் வாய் அசைந்ததைப் பார்த்து, சேதி போய்விட்டதென்று மாமா ஏறிவிட்டார். வடம் தளர்ந்தது. அதில் சாய்ந்து நின்ற அப்பா வழுக்கினார். ஓடுகள் உடைந்து சிதறின. அப்பா சரிந்த வேகத்தில் வடம் மாமாவை முகடு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் நெஞ்சோடு மோதவிட்டது. அப்பாவின் கால்கள் முழங்கால் வரை கூரைக்கு வெளியே நின்றன.

ஊர்வலம் நின்றது. கொடிகள் தாழ்ந்தன.

“அளியா!” ஒரு வருடத்துக்குப் பிறகு மாமா தன் மைத்துனரைக் கூப்பிட்டார்.

“உண்டு,” என்றார் அப்பா.

“காலு எங்க?”

“காலு வெளியில. மத்ததெல்லாம் மேல.”

“அனங்காதயும், அப்படியே கிடயும். நான் முகட்டப் பிடிச்சிருக்கேன்.”

அப்பா உடனே ஏற முயலவில்லை. கவிழ்ந்து கிடந்தபடியே கேட்டார்: “ஓய், நீரு என்னத்துக்கு அம்புட்டு தூரம் வந்தீரு?”

“நீரு வடத்த வலிச்சீரு, வந்தேன்.”

“முந்தி நான் வழுக்கினா நீரு ஒரு சாண் அனங்கமாட்டீரு. உமக்க உடம்பு எங்க ஓய் போச்சு?”

“அது போயி கொஞ்ச நாளாச்சு அளியா.”

மாமா மெலிந்துகொண்டே வந்தது ஊருக்கெல்லாம் தெரியும். அம்மா பல தடவை சொல்லியும் இருக்கிறாள். பார்ப்பதில்லை என்று வைராக்கியம் எடுத்தவருக்கு வடம்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“ஏறட்டா?”

“ஏறும்.”

ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் கேட்டு, பதில் வாங்கி, அப்பா மேலே போனார். இருவரும் முகட்டின் இருபுறமும் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது கீழே கேட்கவில்லை. முதல்முறையாக, சேதி சொல்லும்படி என்னை யாரும் கேட்கவுமில்லை. முதலில் மாமாவை இறக்கிவிட்டு அப்பா பின்னால் வந்தார். மாமாவின் இடுப்பு முடிச்சைத் தானே அவிழ்த்தார். அவிழ்த்த கை அந்த இடுப்பிலேயே சற்று நின்றது. பிறகு கமிட்டிக்காரரிடம் சொன்னார்:

“சாரம் கெட்டுங்க. நாங்க இனி ஏறமாட்டோம். கிழவன்மாராக்கும்.”

மறுநாளே மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வயிற்றில் கட்டி. பிந்திவிட்டது என்றார்கள். அதன் பிறகு எல்லா மாலையிலும் அப்பா மாமா வீட்டில்தான் இருந்தார். எல்லை எங்கே போகும் என்று இருவரும் விடாமல் சண்டை போட்டார்கள். மாமாவுக்கு மட்டும் பேச்சு முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும். அவர் மூச்சு வாங்கும்வரை அப்பா பதில் சொல்லாமல் காத்திருப்பார்.

எல்லைக் கோடு விழுந்தபோது எங்கள் ஊர் மாமா சொன்ன பக்கமே நின்றது. அதைச் சொல்லிச் சிரிக்க அவர் இல்லை. அதற்கு முந்தைய மழையிலேயே போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்க அப்பா அந்தப் பழைய வடத்தைத்தான் கொண்டுவந்திருந்தார். குழியின் இந்தப் பக்கம் ஒரு முனையைத் தானே பிடித்தார். வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. பெட்டி குழிக்கு மேலே வந்து நின்றது. பழக்கம்தான்.

“விடட்டா?” என்றார்.

எதிரே வடம் பிடித்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். பாதிரி ஐயர் ஜெபத்தை நிறுத்தினார். குடைகளின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. அப்பாவின் பிடி தளரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

“விடுங்கப்பா,” என்றேன் நான்.

மெதுவாக விட்டார்.