மாறிப்போன ஃபில்டர்

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது இது. ஒரகடம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். வீடு வாலாஜாபாத். அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஒரகடம் கூட்ரோட்டிலேயே பஸ் நின்றுவிட்டது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது, நோயாளிகள் நாலு பேரும் படுத்துக் காத்திருந்தார்கள்.

அப்போது எங்கள் யூனிட்டில் ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் ஃபில்டருக்குள் இருக்கிற சவ்வுதான் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. வழக்கமான சவ்வு சின்னக் கழிவுகளை நன்றாக எடுத்துவிடும். ஆனால் உடம்பில் அழற்சியைத் தூண்டுகிற கொஞ்சம் பெரிய மூலக்கூறுகள் தங்கிவிடும். புது வகைச் சவ்வு அவற்றையும் எடுக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொருவருக்கும் சில வாரம் பழையது, சில வாரம் புதியது போட்டு ரத்தத்தை ஒப்பிட்டார்கள். இரண்டுமே பாதுகாப்பானவைதான்.

மூன்றாவது படுக்கையில் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர். முப்பது வயது இருக்கும். வல்லம் வடகாலில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் செக்கிங் வேலை. அவருக்குப் புது ஃபில்டரின் கடைசி நாள் அது. முடிந்ததும் ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டும். பிறகு ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிளம்பப்போவதாக வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் ஓடியிருக்கும். அவர் படுக்கைப் பக்கம் இருந்த டிரேயை எடுக்கப் போனேன். ஃபில்டர் பிரித்த கவர் கண்ணில் பட்டது. பழைய வகை! அவசரத்தில் பக்கத்துப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயம். யாருக்கும் தெரியாது, அப்படியே ரத்தம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று மனசு சொன்னது. கவரை மடித்துக் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

நிமிர்ந்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஏதும் தப்பாப் போச்சா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. மெதுவாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எங்க லைன்ல பார்ட் மாறிட்டுன்னா சிவப்பு டேக் போட்டுத் தனியா வச்சிருவோம்க்கா. மாத்திப் போட்டவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. மறைச்சவனைத்தான் வெளிய அனுப்புவாவ. டாக்டர்ட்ட சொல்லிருங்க. என் ரத்தத்தைப் பார்த்துத்தானே நாளைக்கு இன்னொருத்தருக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ணப்போறாவ?"

நேராக டாக்டரிடம் போய்க் கவரை மேஜையில் வைத்தேன். அவர் அதை எடுத்துப் படித்துப் பார்த்தார். பிறகு அந்தத் தம்பியின் அன்றைய ஆய்வுப் பதிவைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் காரணத்தை எழுதினார்.

"இன்னிக்கே சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. மத்தவங்களுதையும் ஒரு தடவை பார்த்துடலாம்" என்றார்.

நோயாளிகளின் பதிவேட்டில் ஒட்டிவைத்திருந்த ஃபில்டர் ஸ்டிக்கர்களை எல்லாம் சரிபார்த்தோம். முந்தின வாரம் இன்னொரு நோயாளிக்கும் இதேபோல் மாறியிருந்தது. பாவம், போட்டவருக்கே தெரியவில்லை. ஒரே நிறப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் வினை. அன்றைக்கே வேறு வேறு அலமாரிக்கு மாற்றினோம். இப்போது இரண்டு பேர் சேர்ந்து ஃபில்டரின் பெயரைச் சத்தமாகப் படித்த பிறகுதான் மாட்டுகிறோம்.

அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு வாரம் புது ஃபில்டர் போட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. விருப்பமில்லை என்றால் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் ஊர்ப் பயணத்தை விட்டுவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "கொடை அடுத்த வருசமும் வரும்லாக்கா, நானும் இருப்பேன்" என்று சிரித்தார்.

ஆய்வின் முடிவு இன்னும் வரவில்லை. அவருக்கு அரிப்பு குறைந்து தூக்கம் வருகிறதாம். அது ஃபில்டரால்தானா என்று இனிமேல்தான் தெரியும். எதுவானாலும் அந்தக் கணக்கில் என் பொய் ஒன்று கலக்கவில்லை. இன்றைக்கும் தப்பு நடந்தால் முதலில் வருவது பயம்தான். ஆனால் அது தணியட்டும் என்று காத்திருக்காமல், பயந்துகொண்டே போய்ச் சொல்லிவிடுகிறேன்.