வானத்தைச் சுடுகிற ரைஃபிளுக்கு வந்த புது ட்ரிகர்

கயல், மாறா, இரண்டு பேரும் இதைக் கடைசி வரை படியுங்கள். போன மாதம் பாபநாசம் கல்யாணத்தில் உங்கள் பெரியப்பா பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இவன் கஸ்டமர் மூஞ்சியிலேயே அடிச்சவன், அதான் முன்னுக்கு வரல" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். நீங்கள் இரண்டு பேரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டீர்கள். சாப்பிடுகிற இடத்தில் சண்டை வேண்டாமென்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் எனக்கு ஆறவில்லை. பத்தாவது முடித்து ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் நான், ஜோடித்து எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

1. மூன்று டப்பாக்கள்

நான் தஞ்சாவூரில் வேலை பார்த்தது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர் கடை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய விவசாயி வருவார். கொள்ளிடக் கரையோரம் நெல்லும் வாழையும். காட்டுப்பன்றி வாழைக்கட்டையைக் குடைகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஃபேக்டரியில் செய்த லேசான வேட்டை ரைஃபிள். வேட்டை என்பது பெயரில்தான். பன்றியைச் சுட அவருக்கு அனுமதி கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், பன்றி ஓடும். அதற்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் மூன்று டப்பாக்களோடு வந்தார். பின்னால் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு முருகையன். முருகையன் அவர் பண்ணையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர். துப்பாக்கியைச் சுமப்பதும் அவர்தான், லைசென்ஸிலேயே அவர் பெயரையும் சேர்த்திருந்தார்கள். அய்யா அதைக் கையில் வாங்குவது சுடுகிற நேரத்தில் மட்டும்.

"செல்வராசு, இதையெல்லாம் மாட்டிடு. போன்ல பாக்குறேன், ஒவ்வொருத்தனும் எப்படி ஜம்முன்னு வெச்சிருக்கான் தெரியுமா?"

தோளில் பதிக்கிற பிளாஸ்டிக் கட்டை, டெலஸ்கோப், புது ட்ரிகர். எல்லாம் ஆன்லைனில் பில்லோடு வரவழைத்தது.

"வானத்தைச் சுட டெலஸ்கோப் எதுக்குங்க? நட்சத்திரம் பாக்கவா?" என்றேன்.

முருகையன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடை முதலாளி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

கட்டையிலும் டெலஸ்கோப்பிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. லேசான துப்பாக்கி தோளில் அதிகமாக உதைக்கும், அதனால் புதுக் கட்டையில் இருந்த ரப்பர் பேட் நல்லதுதான். குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்தால் தடுக்காமல் வரவேண்டும். தடுத்த இடத்தைத் தேய்த்து ஒழுங்காகப் பொருத்தினேன். பிறகு ட்ரிகரை மாட்டினேன். தொட்டால் விழுகிற மாதிரி இருந்தது. அய்யா கட்டியிருந்த மனக்கோட்டையே அதுதான்.

2. ரப்பர் சுத்தி

எங்கள் தொழிலில் ட்ரிகரில் கை வைத்தால் ஒரு சோதனை உண்டு. தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, தோட்டா போடுகிற வாயை அடைக்கும் போல்ட்டை மூடி, ட்ரிகரைத் தொடாமல் ரப்பர் சுத்தியால் கட்டையில் தட்ட வேண்டும். ஒன்றும் நடக்கக் கூடாது. நான் பத்துத் தடவை தட்டினேன். மூன்று தடவை உள்ளே "டக்" என்று தோட்டாவை அடிக்கிற ஊசி விழுந்தது. தோட்டா இருந்திருந்தால் மூன்று தடவை வெடித்திருக்கும்.

"இது வேண்டாங்க, பழசையே போட்டுடறேன்" என்றேன்.

"ஐநூறு பேரு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கான். நீ ஒருத்தன் வந்துட்ட."

"அவங்கள்ல ஒருத்தரும் கொள்ளிடக் கரையில நடக்கலைங்களே."

"சேஃப்டி பூட்டைப் போட்டுக்கிட்டாப் போச்சு. வெட்டிப் பேச்சு பேசாத."

முதலாளி என்னைத் தனியாக இழுத்தார். "போட்டுக் குடுத்துடுய்யா. அவரு பொருளு, அவரு இஷ்டம். நமக்கென்ன?"

அந்த "நமக்கென்ன" என்ற வார்த்தைதான் என்னைக் கொளுத்தியது. வாசலில் நின்ற முருகையனை உள்ளே கூப்பிட்டேன். அவர் முன்னால் மறுபடி தட்டிக் காட்டினேன். நாலாவது தட்டில் "டக்".

"இப்ப வெடிச்சிருக்குமாண்ணே?"

"வெடிச்சிருக்கும்."

"சேஃப்டி போட்டா?"

"போட்டிருந்தா விழாது. நீங்க போட்டா வெச்சிருக்கீங்க?"

முருகையன் அய்யாவைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எப்படிண்ணே வெக்கிறது? அய்யா கை நீட்டினா உடனே சுடுற மாதிரி குடுக்கணும். குண்டைப் போட்டு, சேஃப்டியை எடுத்துட்டுத்தான் பின்னாலயே நடக்கிறேன். அப்படியேதான் வாய்க்காலும் தாண்டுறேன்."

பிள்ளைகளே, இத்தனை நாளாக அப்படியா சுமந்திருக்கிறார்! பழைய ட்ரிகர் கெட்டியாக இருந்ததால் பிழைத்திருக்கிறார். அதைத்தான் காசு கொடுத்து மாற்ற வந்திருக்கிறார்கள்.

"அவன்கிட்ட எதுக்குய்யா காட்டுற? துப்பாக்கி அவனோடதா?" என்று அய்யா கத்தினார்.

"துப்பாக்கி உங்களோடது, முதுகு அவரோடதுங்க" என்றேன். ஆமாம், சத்தமாகத்தான் சொன்னேன். பெரியப்பா சொல்கிற மூஞ்சியில் அடித்தது இதுதான்.

3. முருகையன் பேசியது

நான் கத்தியது ஒன்றுக்கும் ஆகவில்லை. "மாட்டிக் குடுத்தாச்சுல்ல, கிளம்புடா" என்று அய்யா ரைஃபிளை எடுத்து முருகையனிடம் நீட்டினார்.

முருகையன் வாங்கவில்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அய்யா, இனிமே இதை நீங்களே மாட்டிக்கங்க. நான் முன்னால நடந்து வழி காட்டுறேன்."

அய்யா ரைஃபிளைப் பார்த்தார், தோளில் மாட்டுகிற பெல்ட்டைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, மேசையில் வைத்துவிட்டார்.

"பழசையே போட்டுத் தொலை. சாப்பிட்டுட்டு வரோம்."

ஐநூறு பேர் கொடுத்த ஸ்டார் அத்தனையும் அந்த நிமிஷத்தில் உதிர்ந்து போனது. தன் முதுகு என்றதும் எப்படிப் புரிகிறது பாருங்கள்! முருகையன் முதுகு என்றபோது ஏன் புரியவில்லை? இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த சர்வீசுக்கு அய்யா வந்தபோது பின்னால் வேறு ஆள். முருகையன் வாய்த்துடுக்காகப் பேசினார் என்று நிறுத்திவிட்டாராம். இப்போது பேராவூரணிப் பக்கம் ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். புது ஆளுக்கும் சுத்தியால் தட்டிக் காட்டி, குண்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் சுமக்க வேண்டும் என்று அய்யாவை வைத்துக்கொண்டே சொன்னேன். என் முதலாளி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாமல் போகட்டும்.

நீங்களும் நாளைக்கு ஏதாவது ஒரு பொருளைச் செய்வீர்கள், திருத்துவீர்கள். வாங்குகிறவர் திருப்தியா என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதைச் சுமக்கிறவர் வாசலில் நின்றுகொண்டிருப்பார். அவரை உள்ளே கூப்பிட்டு விசாரியுங்கள்.

அன்று மத்தியானம் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் சாப்பிடப் போனார்கள், முதலாளி தொழுகைக்குப் போய்விட்டார். பழைய ட்ரிகரைப் பொருத்தினேன், சுத்தியால் தட்டினேன், ஒன்றும் விழவில்லை. அத்தனை வருஷம் அதோடு வேலையை முடித்துவிடுவேன். அன்று மனசு கேட்கவில்லை. காலிதான் என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, போல்ட்டை மூடி, சேஃப்டியை எடுத்துவிட்டு, ரைஃபிளை என் முதுகில் மாட்டினேன். கொல்லைப்பக்கம் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அங்கே ஓடுகிற சாக்கடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, "டக்" என்று கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சு வாங்குகிறவரை தாண்டினேன்.