அன்னத்தின் வாலுக்குக் கீழே ஒரு புது நட்சத்திரம்

1975 ஆகஸ்ட் கடைசியில், அன்னம் என்கிற நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து, வெறும் கண்ணுக்கே தெரிகிறது என்று வானொலியில் சொன்னார்கள். சில நாட்களில் மங்கிவிடுமாம். என் கணவர் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். இப்படி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று இருபது வருடமாக மாலைதோறும் மாடிக்குப் போகிறவர். ஆனால் திருவள்ளூர் மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கு வடக்கே அரிசி ஆலை விளக்கு. அதனால் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினோம். அங்கே தொழிற்சாலைகளுக்கென்று ஒதுக்கிய பொட்டலில் கம்பம் நட்டிருக்கிறார்கள், மின்சாரம் இன்னும் வரவில்லை.

திருவள்ளூரிலிருந்து மதியம் ரயில். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாற வேண்டும். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் முனுசாமி என்பவரின் குதிரை வண்டி கிடைத்தது.

"நச்சத்திரம் பாக்கவா? இன்னா சார், திருவள்ளூர்ல வானம் தீந்துபோச்சா?"

"உங்க ஊர் வானம் சுத்தமா இருக்குப்பா."

"வானம் சுத்தம்தான் சார். ரோடுதான் பேஜாரு. அம்மா, கெட்டியாப் புடிச்சுக்கினு குந்துங்கோ."

மூன்று கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிட்டு எங்களோடு காத்திருந்தார். மேகம் விலக ஏழரை ஆனது. வானம் பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் இல்லாததும் தெரியும். அதனால் தனித்தனியாகப் பார்த்து, முனுசாமியின் காதில் சொல்வது என்று என் கணவர் ஏற்பாடு செய்தார்.

எனக்குச் சிரமமே இல்லை. இத்தனை வருடம் இவர் பக்கத்தில் நின்றதில் அந்த இடம் எனக்கும் பழக்கம். அன்னத்தின் வாலாக மின்னும் பெரிய நட்சத்திரத்துக்குக் கீழே, கையை நீட்டினால் மூன்று விரல் தள்ளி, எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்தில் அது இருந்தது. முனுசாமியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவர் வெகுநேரம் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னார்.

"சாரு மேலன்றாரு, அம்மா கீழன்றாங்கோ. இன்னா நைனா இது!" முனுசாமி தானும் அண்ணாந்து பார்த்தார். "கீழதான் சார் கீது. தோ!"

இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலை சரோஜா. சும்மா ஊகிச்சேன்."

"எப்போலேர்ந்துங்க?"

"சித்திரைலேர்ந்தே மங்கல். பெரிசா இருக்கற நட்சத்திரம் மட்டும் தெரியுது. புதுசா வந்தா பெரிசாத்தான் இருக்கும், எனக்கும் தெரியும்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்து, சுட்டுவிரலைச் சரியாக அதன்மேல் வைத்தேன். "இங்கேதாங்க."

"வாலைவிட மங்கலா?"

"ரொம்ப."

"என்ன நிறம்?"

"வெள்ளை. இல்லே, லேசா மஞ்சளோ?"

நான் கையை எடுத்த பிறகும் அவர் விரலை இறக்கவில்லை.

"சார், கை நோவல?" என்றார் முனுசாமி.

"நோவுது," என்றார் இவர், இறக்காமலே.

அந்தப் பக்கம் போகிறவர்கள் திரும்புவதற்கும் வண்டியைச் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு சேர்த்து நாங்கள் ஐந்து ரூபாய் கொடுத்தோம். குடிதண்ணீர் கொண்டு போங்கள். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்க டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றுங்கள். கண் மங்கலாக இருந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நாங்கள் அடுத்த வாரம் எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த நட்சத்திரம் மங்கிப் போயிருக்கும். அதற்குள் பார்த்தவர்கள் இருந்தால், அது என்ன நிறம் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இவர் தினமும் கேட்கிறார். என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.