இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

"உங்கள் பெயரில் எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் நீங்கள் பட்டதாரி. மற்றதில் இல்லை. எது பொய்?"

போன வருடம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை இந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் மாலைதீவில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. நான் படிப்பிக்கும் டியூட்டரிக்குப் போகச் சைக்கிளைப் படலைக்கு வெளியே எடுத்திருந்தேன். சைக்கிளைப் பிடித்தபடியே இன்னொருமுறை வாசித்தேன். நான் ஒரு விண்ணப்பம்தான் அனுப்பினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்கள் அம்மாளாச்சி கோயில் அடியார்களே, என்னை உங்களில் பலருக்குத் தெரியும். புத்தூரில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் பாக்கியத்தின் ஒரே மகள். அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே தவறிவிட்டார். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான்தான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தேன்; பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அழுதுகொண்டு இருக்கவில்லை. இரண்டு வருடம் ஆங்கில டிப்ளோமா படித்தேன். ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிச் சான்றிதழும் எடுத்தேன். ஐந்து வருடம் டியூட்டரியில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். ஆனாலும் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் ஒரே கேள்வி: "டிகிரி இருக்கோ?"

வெளிநாட்டில் படிப்பிக்க வேண்டும், அதுவும் முறையான வேலை விசாவில் போக வேண்டும் என்பது என் ஆசை. போன வருடம் சித்திரை மாதம் அம்மாவும் நானும் நெல்லியடியில் ஒரு தரகரிடம் போனோம். அவர் என் சான்றிதழ்களை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உதெல்லாம் வடிவான கடதாசிதான். ஆனா டிகிரி இல்லாமல் ஒரு நாட்டிலையும் ஏத்தமாட்டாங்கள்."

"அப்ப என்ன செய்யிறது அண்ணை?"

"நான் ஒண்டு செய்து தாறன். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். ஆரும் பாக்கமாட்டாங்கள்."

"நான் படிக்காத பட்டத்தை என்ரை பேரிலை போடுறதோ?"

அவர் சிரித்தார். "அப்ப வெங்காயம் கிண்டு தங்கச்சி. அதுக்கு டிகிரி கேக்கமாட்டாங்கள்."

நான் சான்றிதழ்க் கோப்பைப் பறித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா எழும்பவில்லை. "தம்பி, அவள் கோவக்காரி, குறை நினையாதேங்கோ" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னை அம்மாளாச்சி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பூ வைத்துப் பார்க்க வேண்டுமாம். இந்த வழக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பொட்டலத்தில் செவ்வரத்தை, மற்றதில் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் வேண்டாம். அம்மா இரண்டையும் வாழையிலையில் சுற்றி வீட்டிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தா. ஐயர் சந்நிதியில் வைத்து எடுத்தார். "ஒண்டை எடு பிள்ளை" என்றா அம்மா. எடுத்தேன். சிவப்பு.

"பாத்தியோ? அம்மாளாச்சியே தம்பி சொன்னதைச் செய்யச் சொல்லுறா!"

நான் நம்பிக்கை இல்லாதவள் அல்ல. பத்து வயதிலிருந்து ஆடிச் செவ்வாய் விரதம் பிடிக்கிறவள். ஆனால் பொய்க் கடதாசி செய்யச் சொல்லும் தெய்வத்தை நான் கும்பிடவில்லை. சந்நிதியில் நின்றே சொன்னேன்: "அம்மாளாச்சி, இது உன்ரை சொல் எண்டால் நான் கேக்கமாட்டன். இது உன்ரை சொல்லும் இல்லை."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டா. ஐயர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

அதன்பிறகு நானே தேடினேன். இரண்டு கிழமை தேடி, மாலைதீவுப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளம்பரத்தைக் கண்டேன். கடைசி வரிவரை வாசித்தேன். கீழ் வகுப்புகளுக்கு டிப்ளோமாவும் பயிற்சிச் சான்றிதழும் அனுபவமும் போதும் என்று அங்கே சின்ன எழுத்தில் இருந்தது. தரகர் இதை ஒருநாளும் சொல்லவில்லை. வைகாசியில் விண்ணப்பித்தேன். பட்டம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ஆனியில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. இரண்டு விண்ணப்பத்திலும் என் கடவுச்சீட்டின் பிரதி இருந்ததாம்.

அம்மாவைத் தேடித் தோட்டத்துக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததுமே மண்வெட்டியைக் கீழே போட்டா.

"அம்மா, என்ரை கடவுச்சீட்டுக் கொப்பியை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"நெல்லியடித் தம்பியிட்டை. நீயும் அந்த மாலைதீவுக்குத்தானே விண்ணப்பம் போட்டனி? தம்பியும் போட்டால் நல்லம் எண்டு நினைச்சன். பள்ளிக்கூடத்தின்ரை பேரையும் சொன்னனான்."

"என்னைக் கேக்காமலோ?"

"அம்மாளாச்சி சொன்னவ எல்லோ பிள்ளை!"

வெயிலில் வரம்பில் அப்படியே குந்திவிட்டேன். பொய்க்காரி என்று ஒரு நாட்டில் பெயர் விழுந்தால் இனி எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? ஐந்து வருடப் படிப்பிப்பு, அம்மா வெங்காயம் நட்ட அத்தனை நாள், எல்லாம் யாரோ ஒருவருடைய அச்சுக் கடதாசியால் போகப்போகிறது.

வீட்டுக்கு வந்து சாமித்தட்டுக்கு முன்னால் நின்றேன். அழவில்லை. கோபத்தில் நின்றேன். கோயிலில் நான் எடுக்காமல் விட, அம்மா பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த மற்றப் பொட்டலம் அங்கே படத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. என்ன நினைத்தேனோ, அதைப் பிரித்தேன்.

உள்ளே இருந்ததும் செவ்வரத்தை. காய்ந்து கறுத்த சிவப்பு.

பின்னால் வந்து நின்ற அம்மா கதவைப் பிடித்துக்கொண்டா.

"ரெண்டும் சிவப்போ அம்மா?"

"நீ போகவேணும் எண்டு ஆசைப்பட்டனான்."

"அதுக்கு அம்மாளாச்சியையும் ஏமாத்துறதோ?"

"ஏமாத்தேல்லை. வெள்ளை வந்திடுமோ எண்டு பயம். அவவுக்கு ஒரு சின்ன உதவி செய்தனான்."

சிரிப்பதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது. அம்மாளாச்சி அந்தப் பதிலைச் சொல்லவே இல்லை! அவவிடம் யாரும் கேட்கவே இல்லை!

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். விசா தா என்று கேட்கவில்லை. இப்படித்தான் கேட்டேன்: "நான் உண்மையை எழுதப்போறன். அம்மா செய்ததையும் எழுதப்போறன். வேண்டாம் எண்டு பதில் வந்தாலும் வரட்டும். ஆனா என்னைப் பொய்க்காரி எண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. அதை மட்டும் நீ பார்." கெஞ்சவில்லை. கணக்குப் பாடத்தில் சரியாகச் செய்த பிள்ளை கொப்பியை நீட்டுவதுபோல நீட்டினேன்.

எழுதினேன். பட்டம் இல்லாதவள்தான் நான் என்றும், மற்ற விண்ணப்பத்தை நான் அனுப்பவில்லை என்றும், அம்மா எப்படிப் பூக் கட்டினா என்றும் எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. "எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் சிறுவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அப்படி ஒருவருக்கு நீங்கள் இருபது நிமிடம் படிப்பிப்பதை வீடியோவில் பார்க்க வேண்டும்" என்றார் தலைமை ஆசிரியை. நாளும் நேரமும் அவரே குறித்தார். உடனே சம்மதித்தேன். டியூட்டரியில் புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அந்த நாள் எங்கள் கோயில் தேர் என்பதை அவசரத்தில் நான் பார்க்கவில்லை. நம் ஊரில் பிறந்தவளுக்கு வரக்கூடாத பிழை!

ஒன்பது மணிக்கு வீடியோ. எட்டே முக்காலுக்கு ஒரு பிள்ளையும் இல்லை. எல்லோரும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். மேளச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நாளை மாற்றக் கேட்டால், ஏற்கெனவே சந்தேகப்பட்டவர் என்ன நினைப்பார்? தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "அம்மாளாச்சி, நீ தேரிலை ஏறிட்டாய். நான் இஞ்சை தனிய" என்று சொன்னேன். அதுதான் என் பிரார்த்தனை.

படலை திறந்தது. அம்மா! புதுச் சேலையோடு, வேர்க்க வேர்க்க.

"தேங்காயை விட்டிட்டுப் போட்டன் பிள்ளை. இத்தினை வருசத்திலை ஒருநாளும் மறக்கேல்லை."

"அம்மா, இருங்கோ."

"தேர் வெளிக்கிடப் போகுது!"

"இந்தக் கதிரையிலை இருங்கோ. தேங்காயையும் கொண்டு வாங்கோ."

இருந்தா. திரையில் தலைமை ஆசிரியை வந்தார். நான் தேங்காயைத் தூக்கிக் காட்டி 'கோகனட்' என்றேன். பள்ளிக்கூடப் படி ஏறாத என் அம்மா, மடியில் கைகளை வைத்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளைபோல 'கோகனட்' என்றா. பெயர் சொல்லப் பழக்கினேன். கை, கண், வீடு எல்லாம் பழக்கினேன். முடிவில் தலைமை ஆசிரியை அம்மாவிடம் நேராக ஆங்கிலத்தில் பெயர் கேட்டார்.

"கோகனட்!" என்றா அம்மா சத்தமாக.

எனக்கு உயிர் போனது. அம்மா நாக்கைக் கடித்தா. "பொறுங்கோ, பொறுங்கோ" என்று கையைக் காட்டினா. பிறகு நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு சொல்லாக, "மை நேம் இஸ் பாக்கியம்" என்றா.

தலைமை ஆசிரியை சிரித்துக் கைதட்டினார். "இவர் யார்?" என்று என்னிடம் கேட்டார்.

"என் அம்மா."

"அந்தப் பூக் கட்டிய அம்மாவா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அம்மா தேங்காயோடு ஓடினா. தேர் இன்னும் இருப்பிடத்துக்கு வரவில்லையாம். சிதறுதேங்காய் அடித்துவிட்டே வந்தா.

பள்ளிக்கூடம் என்னை எடுத்துக்கொண்டது; ஆவணியில் வேலை அனுமதி வந்தது. சான்றிதழ்களை அரச அலுவலகத்தில் உறுதிப்படுத்தினேன், பொலிஸ் அறிக்கை எடுத்தேன், வெளிநாட்டு வேலைக்கான பதிவைச் செய்தேன். எல்லாம் நேர் வழியில். எந்தப் படிவத்திலும் பட்டம் என்ற இடத்தில் 'இல்லை' என்றே எழுதினேன். மாலைதீவில் இறங்கி மருத்துவப் பரிசோதனை முடிந்ததும் வேலை விசாவும் கிடைத்தது. ஊரைவிட்டுப் போகுமுன் அந்தத் தரகரை நெல்லியடிச் சந்தையில் கண்டேன்.

"எப்பிடித் தங்கச்சி எடுத்தனீ? ஆரைப் பிடிச்சனீ?"

"உண்மையைச் சொன்னனான் அண்ணை. நீங்களும் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ."

நான் இப்போது இருக்கும் இந்த மாலைதீவுக்குள் இஸ்லாம் அல்லாத வேற்றுச் சமயச் சிலை, படம் கொண்டுவர அனுமதி இல்லை. அது அவர்கள் சட்டம். விமானம் ஏறுமுன் விபூதிப் பையையும் படத்தையும் அம்மாவின் கையில் கொடுத்தேன். வெறுங்கையோடு வந்தேன் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கடலைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் அவவோடு கதைக்கிறேன். முன்பு வேண்டியது எல்லாவற்றையும் கேட்பேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன், பிறகு சும்மா இருக்கிறேன்.

அம்மா இப்போது தன் பெயரை எழுதப் பழகி, அதைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறா. போன மாதம் வீட்டுக்கு ஓடு போடுவதா, பொறுப்பதா என்று கோயிலில் பூ வைத்துப் பார்த்தாவாம்.

"என்ன பூ அம்மா வந்தது?"

"வெள்ளை" என்றா. பிறகு, "இந்த முறை வெள்ளையும் கட்டினனான் பிள்ளை" என்றா.

அடியார்களே, உங்களிடமும் ஒரு தரகர் வருவார். பொய்யை வடிவாக மடித்துத் தருவார். வாங்காதீர்கள். அம்மாளாச்சியிடம் போங்கள். போகும்போது வெள்ளைப் பூவையும் கட்டிக்கொண்டு போங்கள். அவ பதில் சொல்லட்டும்.