சந்தை இறங்குமுன் நான் எழுதிய இரண்டு குறிப்புகள்

அந்தத் திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது. ஒன்பது இருபத்தைந்துக்கு என் திரை முழுவதும் சிவப்பு. பாலக்கோட்டில் பதினெட்டு வருடமாகப் பங்குத் தரகு அலுவலகக் கிளை ஒன்றைக் கவனித்துவருகிறேன். அந்தச் சரிவு எனக்குத் தெரியாமல் வந்ததல்ல.

1. டைரியில் இருந்தவை

சந்தை முடிந்ததும் தினமும் டைரி எழுதுவேன். அதற்கு முந்தைய வாரங்களில் எழுதியவை: இண்டெக்ஸ் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் என் வாடிக்கையாளர்களின் பங்குகளில் பாதிக்கு மேல் இறங்குமுகம். வெளிநாட்டு நிறுவனங்கள் விடாமல் விற்கின்றன. லாபமே பார்க்காத கம்பெனி தினமும் அப்பர் சர்க்யூட்டை, அதாவது ஒரு நாளில் ஏறக்கூடிய உச்சவரம்பை, தொடுகிறது. புதுக் கணக்கு தொடங்க வருகிறவர்கள், "நாளைக்கு எது ஏறும், அத மட்டும் சொல்லுங்க சார்" என்கிறார்கள்.

2. செவ்வாய்க்கிழமை

மாதம்மாள் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி பயிரிடுகிறவர். ஐந்து வருடச் சேமிப்பை என் மூலம் சிறு கம்பெனிப் பங்குகளை வாங்கும் ஸ்மால்கேப் ஃபண்டில் போட்டிருந்தார். பக்கத்து அரை ஏக்கர், கிணற்றோடு விலைக்கு வந்திருந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவர் தோட்டமும் விளைந்தது. கிரயத்துக்கு இன்னும் ஒரு மாதம். சந்தை விழுவதற்கு ஆறு நாள் முன்பு வந்து, பணத்தை எடுத்துவிடுகிறேன் என்றார்.

"ஏறுற நேரத்துல எதுக்குங்க எடுக்கறீங்க? ஒரு மாசம் இருக்குதே."

"போன தடவ வந்தப்ப ஈ ஓட்டிட்டு இருந்தீங்க சார். இன்னைக்கு நிக்க எடமில்ல. நாத்துப் பண்ணையில இப்படிக் கூட்டம் நின்னா, அந்த வருசம் தக்காளிய ரோட்டுலதான் கொட்டுவோம்."

இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தக்காளி அழுகிரும். பங்கு அழுகாதுங்க."

அவர் படிவத்தை நிரப்பாமலே போனார். கிளையிலிருந்து பணம் வெளியே போனால் தலைமை அலுவலகம் என்னைக் கேள்வி கேட்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

3. படிவம்

நான்கு வாரத்தில் அவர் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கிரயத்துக்குப் போதவில்லை. மிச்சத்தை எடுக்க வந்தார்.

"நெலம் ஓசூர்க்காரர் ஒருத்தருக்குப் போயிருச்சுங்க. கெணத்துல இருக்கற என் மோட்டார கழட்டிக்கச் சொல்லிட்டாரு" என்றவர், கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்களுக்கும் இப்படித்தான் போச்சுங்களா சார்?" என்று கேட்டார். இரக்கத்தோடுதான் கேட்டார்.

"எனக்குப் பாதி தப்பிச்சுதுங்க. முன்னாடியே எடுத்துட்டேன்."

"எப்பங்க?"

டைரியைத் திருப்பினேன். அவர் வந்த செவ்வாய்க்கு முந்தைய வெள்ளிக்கிழமை. 'பாதியை விற்றேன்' என்று என் கையெழுத்து. நான்கு நாள் தள்ளி, 'மாதம்மாளைச் சமாதானம் செய்து அனுப்பினேன்' என்று அதே கையெழுத்து. இரண்டையும் ஒரே பேனாவால் எழுதியிருந்தேன். ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தேதியைச் சொன்னேன்.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். அதன் பிறகு அவர் வரவில்லை.

சந்தை எந்த நாளில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் பணம் எங்கே இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். இப்போது யார் ஆலோசனை கேட்டு வந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.