அன்-ரிமார்க்-ஏபிள்

சோப்புப் பொடி டப்பாவைத் திருப்பிப் பிடித்து, ஓர் ஆங்கில வார்த்தையின் நடுவே பென்சிலால் சிறு கோடு போடுகிறார் சலவைக்கடை அக்கா. பிறகு இன்னொரு கோடு. உதடு அசைகிறது. "துண்டு போட்டாத்தான் தொண்டையில இறங்குது" என்கிறார், நான் நீட்டும் சட்டையை வாங்கிக்கொண்டே.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். மகளின் பாடப் புத்தகங்களைப் புரட்டித் தானாகவே கற்ற ஆங்கிலம் இது. கோடு பல நேரம் கைகொடுக்கும். சில நேரம் காலை வாரும். கார்பெட் ஒன்று சலவைக்கு வந்த அன்று, அதன் சீட்டில் 'கார்', 'பெட்' என்று கோடு போட்டு, "காருக்குச் செல்லப்பிராணியா?" என்று கேட்டுவிட்டு, விஷயம் புரிந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தார். "எல்லா வார்த்தையையும் உன் இஷ்டத்துக்கு உடைக்காதம்மா" என்பாள் மகள்.

போன மாதம் அவர் கணவருக்குத் தீராத தலைவலி. சரக்கு வேன் ஓட்டுகிறவர். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் அறிக்கை கைக்கு வந்தது. டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும். கடைசி வரியில் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தது.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னு போட்டிருக்கான். கைய விரிச்சிட்டாங்கடி" என்று வேன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார் கணவர்.

அக்கா கோடு போட்டார். அன். ரிமார்க். ஏபிள். நடுத்துண்டு தெரிந்ததுதான். மகளின் மதிப்பெண் அட்டையில் 'ரிமார்க்' என்ற கட்டத்தில்தான் டீச்சர் குறை எழுதுவார். அப்படியானால் இது குறை சொல்ல முடியாத மூளை! ஆனாலும் அக்கா வாய் திறக்கவில்லை.

"கார்பெட்டுல ஏமாந்த புத்திதானே இது? அவருக்கு ஆசை காட்டிட்டு, அப்புறம் தப்பாப் போச்சுன்னா?" என்றார் அக்கா, கடை வரிசையில் நின்ற எங்களிடம்.

விடுதியில் இருக்கும் மகளைக் கேட்கலாம். அவளும் பயந்துவிடுவாளே. இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் டாக்டர் கணவரின் கண்ணைச் சோதித்து, அறிக்கையையும் படித்துப் பார்த்துவிட்டு, "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். கணவர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அட, குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லன்னேன்! கண்ணுலதான் கோளாறு. கண்ணாடி போடுங்க, தலைவலி போயிடும்."

"எனக்கு நேத்தே தெரியும்!" என்று அக்கா போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாராம்.

"வெளிய வந்ததும், 'தெரிஞ்சா ஏண்டி சொல்லல?'ன்னு சண்டைக்கு வராரு. எனக்கு அப்பத்தான் மூச்சே வருது, இவருக்கு எங்க பதில் சொல்ல!"

அக்கா இதை எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணவர் துணிமூட்டையுடன் உள்ளே வந்தார். புதுக் கண்ணாடியெங்கும் வியர்வை. வரிசையில் நாங்கள் நிற்பதையும் பாராமல் அக்கா அதைக் கழற்றி, ஊதி, இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த என் கைக்குட்டையை உருவித் துடைத்து, இரண்டு கையாலும் அவர் மூக்கின்மேல் மெல்லப் பொருத்தினார்.